இல்லத்தில் ஒரு பயிற்சிக்களம்

சுவரை வைத்தே சித்திரம் வரைய வேண்டும் என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. உடம்பைப் பேணும்படி பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் பொழுதெல்லாம் பெற்றோர் வாயில் இது தவறாது வரும். ஆயின், அந்தச் சுவரைப் பேணுவதற்கு வீட்டில் எவ்விடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அரிசி மூடைக்கு ஓரிடம் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு ஓரிடம் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்மண்டபத்தின் நடுவிடமே உண்டு. மனிதர் தம் கைகால்களை நீட்டி மடக்குவதற்குத்தான் இடமில்லை.

இவ்வாறு சொன்னவுடன் பலர் கூறும் மறுமொழி, “அதற்கெல்லாம் காசு வேண்டுமே!” என்பதாகும். நின்ற இடத்தில் ஓடவைக்கும் இயந்திரமும், இரும்புத் தட்டுகள் அடுக்கிய தாங்கிகளும், சுவரை மறைக்கும் நிலைக்கண்ணாடியும் அவர்கள் மனக்கண்முன் தோன்றுகின்றன. 2022ஆம் ஆண்டில் எமது நாட்டு ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் இறக்குமதிப் பொருள்களின் விலை எவ்வாறு ஏறியது என்பதை எல்லோரும் அறிவோம். மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பம் அத்தகைய கருவிகளை நினைத்துப் பார்க்கவும் இயலாது. நினைக்க வேண்டிய அவசியமுமில்லை. வீட்டுப் பயிற்சிக்களம் என்பது பெரும்பாலும் விலைகொடுத்து வாங்கப்படுவதன்று, ஒதுக்கிக் கொடுக்கப்படுவது. சிறிது பணம் வேண்டும் என்பது உண்மையே. அச்சிறு பணத்தை எதில் முதலிற் செலவிடுவது, எதிற் செலவிடாது விடுவது என்னும் முறையை அறிந்து கொண்டாற் போதுமானது.

நீங்கிய உழைப்பு

துலாவில் நீர் இறைத்த தலைமுறையினர் தனியே தேகாப்பியாசம் செய்ததில்லை. தோட்டத்துக்கு இறைத்தலும், உலக்கை பிடித்து மா இடித்தலும், அம்மியில் அரைத்தலும், சந்தைக்கு நடந்து போதலும் அவர்களுடைய ஒவ்வோர் உறுப்புக்கும் வேலை கொடுத்தன. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருள் அருகியிருந்த காலத்தில் வைத்தியரும் ஆசிரியரும் வியாபாரியும் ஒன்றுபோலச் சைக்கிள் மிதித்தனர். அந்த இடர்க்காலம் மீண்டும் வரவேண்டுமென விரும்புவார் எவருமிலர். நீரிறைக்கும் மோட்டாரும் அரைக்கும் இயந்திரமும் வந்தது நன்மையே. ஆயினும், உழைப்பு நீங்கிய இடத்தில் வேறொன்றை நாம் வைக்கவில்லை. கோப்பையிற் போடும் சோற்றின் அளவு மாத்திரம் மாறாதிருக்கின்றது.

இருந்தபடியே இருத்தலால் வரும் கேட்டினை ஆராய்ச்சி முறையில் எடுத்துக் காட்டியவர்களுள் முன்னோடியானவர் ஜெரமி மொறிஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர். இலண்டன் நகரின் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளிற் பணிபுரிந்தவர்களை அவர் ஆராய்ந்தார். வண்டி ஒன்றே, பாதையும் ஒன்றே. சாரதியோ நாள் முழுதும் ஆசனத்தில் இருந்தார். நடத்துநரோ படிகளில் ஏறியும் இறங்கியும் பயணச்சீட்டுக் கொடுத்தார். 1953ஆம் ஆண்டு வெளியான அவ்வாராய்ச்சியில், படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இருதயநோய் குறைவாகவே கண்டது தெரியவந்தது. அப்படிகள் எவரும் காசு கொடுத்து வாங்கிய கருவியல்ல என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியின்படி, வளர்ந்தோர் வாரமொன்றுக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடுதல் வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையாக உழைத்தல் வேண்டும். அத்துடன் வாரத்தில் 2 நாட்களுக்குக் குறையாமல் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்தல் வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் விதிக்கப்பட்டுள்ளது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர், பாடசாலை வாங்கிலிருந்து எழுந்து தனியார் வகுப்பு வாங்கில் அமர்ந்து, பின் வீட்டு மேசையில் நள்ளிரவு வரை குனிந்திருக்கின்றனர். அவர்களுக்கு அந்த 60 நிமிடத்தில் எத்தனை நிமிடம் கிடைக்கின்றது என்பதைப் பெற்றோரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

களத்தின் அளவு

ஒருவர் மல்லாந்து படுத்துக் கைகளைத் தலைக்கு மேலே நீட்டினால் ஏறக்குறைய 7 அடி முதல் ஏழரை அடி வரை நீளம் கொள்வர். கைகளை இருபுறமும் விரித்தால் ஏறக்குறைய அவரது உயரத்தளவு அகலம் வேண்டும். ஆகவே 8 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள தரை எல்லாப் பயிற்சிக்கும் போதும். அவ்வளவு கிடையாதவிடத்து 7 அடிக்கு 4 அடி இருந்தாலும் குறுக்கே திரும்பி நின்று சமாளிக்கலாம்.

இவ்வளவு இடம் எங்கே உண்டு? நாற்சார் வீடுகளில் முற்றத்தைச் சூழ்ந்த விறாந்தை இதற்கென்றே கட்டப்பட்டது போன்றது. காற்று வரும், வெயில் படாது, வெளியார் கண்ணும் படாது. சிறு கல்வீடுகளிற் பின்விறாந்தையை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அங்கே உடைந்த கதிரையும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் வெற்றுப் போத்தல்களும் கிடக்கும். அவற்றைப் பழைய இரும்பு வாங்க வருபவரிடம் கொடுத்தால் இடமும் கிடைக்கும், சிறிது காசும் கிடைக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் வாழ்வோர் கட்டிலைச் சுவரோடு ஒட்டி நகர்த்தியும், முன்மண்டபத்துச் சிறு மேசையைத் தூக்கி வைத்தும் இடம் காணவேண்டும். கீழ்வீட்டாரின் அமைதியைக் கருதி அவர்கள் குதித்தலைத் தவிர்த்து, மாடிப்படியில் ஏறி இறங்குதலை மேற்கொள்வது நன்று.

மலையகத்து லயன் அறைகள் பல பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவே. அங்கே தனியிடம் ஒதுக்குதல் எளிதன்று. கொழுந்துக் கூடையுடன் நாள் முழுதும் மலைச்சரிவில் ஏறி இறங்கும் தாய்க்கு மேலும் உழைப்பைப் பரிந்துரைப்பதும் முறையன்று. அவருக்கு வேண்டியவை இளைப்பாறுதலும், முதுகையும் தோளையும் மெல்ல நீட்டித் தளர்த்துதலுமே. அதற்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்.

தரையைப் பற்றி ஒரு சொல். மெருகிட்ட சீமெந்துத் தரையிற் பனையோலைப் பாய் வழுக்கும். ஆதலின் நின்றும் ஊன்றியும் செய்யும் பயிற்சிகளை வெறுந்தரையிற் செய்து, படுத்துச் செய்பவற்றுக்கு மாத்திரம் பாயை விரித்தல் வேண்டும். றப்பர் விரிப்பு வாங்க வசதியுள்ளோர் வாங்கலாம், அஃது இன்றியமையாததன்று.

உடம்பின் ஐந்து தொழில்கள்

பயிற்சிகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றை வகுத்துப் பார்த்தால் உடம்பு செய்யும் தொழில்கள் ஐந்தாகச் சுருங்கும்: தள்ளுதல், இழுத்தல், இருந்தெழுதல், குனிந்து தூக்குதல், சுமந்து நடத்தல். மூச்சு விரையும்படி நடத்தலும் ஓடலும் இவற்றோடு சேரும்; அதற்குத் தெருவும் ஒழுங்கையும் உண்டு. ஒரு வீட்டுக்களம் இவ்வைந்துக்கும் வழி செய்யுமாயின் அது முழுமையான களமாகும்.

தள்ளுதலுக்கு ஒரு சதமும் வேண்டியதில்லை. வயது முதிர்ந்தோரும் புதிதாகத் தொடங்குவோரும் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, மார்பைச் சுவரை நோக்கித் தாழ்த்தித் தள்ளி நிமிரலாம். அது இலகுவானபின் திண்ணையின் விளிம்பில் ஊன்றலாம். அதுவும் இலகுவானபின் தரையில் தண்டால் எடுக்கலாம். ஊன்றுமிடம் தாழத் தாழக் கைகளுக்கு வரும் பாரம் மிகும். ஒரே பயிற்சி ஆச்சிக்கும் பேரனுக்கும் பொருந்தும் விதம் இதுவே.

இருந்தெழுதலும் அவ்வாறே. பிள்ளையார் சந்நிதியில் நாம் போடும் தோப்புக்கரணம் கால்களுக்கு மிகச் சிறந்த பயிற்சி. முழங்கால் நோவுள்ளவர்கள் அவ்வளவு தாழாமல், சுவரோடு ஒட்டி வைத்த மரக்கதிரையில் மெல்ல இருந்து, கைகளை ஊன்றாமல் எழும்பினாற் போதும். பிளாஸ்ரிக் கதிரை இதற்கு ஆகாது. அதன் கால்கள் விரிந்து வழுக்கிவிடும்.

கருவியின்றிப் பயிற்சி செய்தல் ஏழைகளின் சமாதானம் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. கனடாவின் அரச விமானப்படை 1950களின் பிற்பகுதியில் தன் வீரர்களுக்கென ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்தது. அதில் ஐந்தே பயிற்சிகள், நாளொன்றுக்கு 11 நிமிடங்கள், கருவி எதுவுமில்லை. பெண்களுக்கென வகுத்த திட்டத்தில் பத்துப் பயிற்சிகளும் 12 நிமிடங்களும். வான்படை வீரருக்குப் போதுமாயிருந்த தரை நமக்குப் போதாதா?

முதற் செலவு எதில்?

ஐந்து தொழில்களுள் இழுத்தல் ஒன்றே வெறுந்தரையிற் செய்ய இயலாதது. பிடித்து இழுப்பதற்கு ஏதேனும் வேண்டும். குனிந்து எழுதும் மாணவருக்கும், அடுப்படியில் முன்வளைந்து நிற்கும் பெண்களுக்கும் முதுகுத் தசைகளும் தோளின் பின்தசைகளுமே தளர்கின்றன. அவற்றை வலுப்படுத்துவது இழுத்தலே. ஆதலின் கையிலுள்ள பணம் முதலில் இதற்கே செல்ல வேண்டும் என்பது எமது கருத்து.

பணமே இல்லாதவர் ஒரு தடித்த துவாயின் முனையில் முடிச்சிட்டு, அம்முடிச்சைக் கதவின் மறுபுறத்தில் வைத்துக் கதவைச் சாத்திப் பூட்டி, துவாயைப் பற்றிப் பின்சாய்ந்து இழுக்கலாம். கதவு நம்மை நோக்கித் திறப்பதாயின் இதனைச் செய்யவே கூடாது. அப்பால் திறக்கும் கதவாயின் இழுக்க இழுக்க நிலையோடு இறுகி நிற்கும்.

வளவுள்ளவர்களுக்கு இதனினும் சிறந்த வழியுண்டு. இரண்டு இரும்புக் குழாய்களை 4 அடி இடைவெளியில் 2 அடி ஆழமாகப் புதைத்துக் கொங்கிறீற்று இட்டு, ஒரு கிழமை இறுகவிட வேண்டும். அவற்றுக்குக் குறுக்கே நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில் ஒரு கம்பியும், நாலரை அடி உயரத்தில் இன்னொரு கம்பியும் பொருத்துவிக்க வேண்டும். கைக்கு அடங்கும் ஒன்றேகால் அங்குலக் குழாய் அக்கம்பிகளுக்குப் போதுமானது. கம்பியைப் பற்றி, கால்களை முன்னே நீட்டி, உடம்பைப் பலகைபோல நேராகச் சாய்த்து, மார்பைக் கம்பியை நோக்கி இழுத்தலே பயிற்சி. மேற்கம்பி தொடங்குவோருக்கும் மூத்தோருக்கும் ஆகும்; கீழ்க்கம்பி இளைஞரின் வலிமையைச் சோதிக்கும். குறுக்குக் கம்பி கண்டவுடன் ஈரத்துணி காயப்போட வீட்டார் கை நீளும். அதற்கு வேறொரு கொடி கட்டிக் கொடுப்பதும் இத்திட்டத்தின் செலவில் அடங்கும்.

தொங்கிப் பயிற்சி செய்ய விரும்பும் இளைஞர் வேம்பின் அல்லது மாமரத்தின் தடித்த பச்சைக் கிளையைப் பயன்படுத்தலாம். முருங்கையைத் தொடவே வேண்டாம். அதன் கிளை சொல்லாமல் முறியும். கூரையைத் தாங்கும் சட்டங்களிலும், யன்னலுக்கு மேலுள்ள மெல்லிய கம்பிகளிலும் தொங்குதல் ஆகாது.

பாரம் தேடல்

தூக்குதற்கும் சுமத்தற்கும் வேண்டிய பாரம் வீட்டிலேயே கிடக்கின்றது. 1 லீற்றர் நீரின் நிறை 1 கிலோகிராம். ஆகவே ஒன்றரை லீற்றர்ப் போத்தல் நீர் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ. காய்ந்த மணல் நீரினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரமானது. அதே போத்தல் மணலால் நிரம்பினால் இரண்டேகாற் கிலோவுக்குக் குறையாது. 5 லீற்றர்க் கலனில் மணல் நிரப்பினால் ஏழெட்டுக் கிலோ. கலனின் பிடி இற்றுப் போகாதிருக்கின்றதா என்று பார்த்தே தூக்க வேண்டும்.

பழைய ஜீன்ஸ் காற்சட்டையின் ஒரு காலை வெட்டி, ஒரு முனையை இரட்டைத் தையலிட்டு, இரண்டு பொலித்தீன் பைகளில் ஒன்றினுள் ஒன்றாக இட்ட மணலை உள்ளே வைத்து மறுமுனையையும் தைத்தால் நல்லதொரு மணற்பை கிடைக்கும். கடைத் தராசில் நிறுத்து நிறையை அதன்மேல் எழுதி வைக்கலாம். 5 கிலோ, 10 கிலோ என இரண்டு பைகள் ஒரு குடும்பத்துக்குப் போதும். இடுப்பிலிருந்து குனிந்து, முதுகை நேராக வைத்து, பையை உடம்போடு ஒட்டித் தூக்குதல் ஒரு பயிற்சி. அதனை அணைத்தபடி முற்றத்தைச் சுற்றி நடத்தல் இன்னொன்று. 8 முதல் 12 தடவை தூக்கியதும் களைப்புத் தோன்றுமாயின் அதுவே தக்க பாரம். 15 தடவை இலகுவாகத் தூக்க முடிந்தால் மணலைக் கூட்டலாம்.

பழைய சைக்கிள் ரியூப்பும் பயன்படும். வால்வுப் பகுதியை வெட்டி நீக்கி, வெடிப்பு இல்லையென உறுதி செய்து, காலால் மிதித்துக் கையால் இழுத்தால் அது கடையில் விற்கும் றப்பர்ப் பட்டிகளின் வேலையைச் செய்யும். முகத்தை நோக்கி இழுத்தல் மாத்திரம் கூடாது. அறுந்தால் கண்ணைத் தாக்கும். தகரப் பேணியிற் சீமெந்து வார்த்து இரும்புக் குழாயின் இரு முனைகளிலும் பொருத்திப் பாரம் செய்யும் வழக்கமும் உண்டு. ஒருபுறம் கழன்று விழும் அபாயமுள்ளதால் அதனைத் தலைக்கு மேலே தூக்குதல் தகாது.

இவ்வளவோடு செலவை நிறுத்திவிடுதல் நன்று. உடற்பயிற்சி நிலையம் ஒன்றுக்கு மூன்று மாதம் கட்டும் சந்தாப் பணத்தை மிஞ்சாதிருப்பதே நாம் கூறும் எல்லை. பெருங்கருவி வாங்கியே ஆகவேண்டும் என்னும் ஆசையுள்ளோர் ஆறு மாதம் தரையிற் பயின்றபின் வாங்கட்டும். அப்பொழுது அது வேண்டுமா என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

உடம்பறிந்து செய்தல்

இருதயநோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். பாரம் தூக்கும்பொழுது மூச்சை அடக்குதல் இரத்த அழுத்தத்தை ஏற்றும். தூக்கும்போது மூச்சை வெளிவிடுதலே முறை. நெஞ்சில் நோவோ இறுக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி வைத்திய உதவியை நாட வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிலவேளை சீனியின் அளவு மட்டுமீறிக் குறையலாம். ஆதலின் ஓர் இனிப்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது நன்று. காலில் உணர்வு குன்றியவர்கள் வெறுங்காலோடு பயிலாமல் பொருத்தமான சப்பாத்து அணிதல் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் விடியற்காலையே தக்க வேளை.

அன்னையின் இருபது நிமிடம்

இனி, இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருவோம். வீட்டில் இளைஞனுக்கு விளையாட்டு மைதானம் உண்டு. தகப்பனாருக்குத் தெருவில் நடக்க நேரமுண்டு. இவ்விரண்டும் இல்லாதவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவியே. கூச்சமோ, பொழுதின்மையோ, சந்தாப் பணமோ அவரை வெளியிடங்களுக்குப் போகவிடுவதில்லை. வீட்டுக்களம் வேறெவர்க்கும் ஒரு வசதி. அவருக்கோ அதுவே ஒரே வழி.

“வீட்டு வேலையே போதிய பயிற்சியன்றோ?” என்பர் சிலர். கூட்டுதலும் துவைத்தலும் உடலை அசைக்கின்றன என்பது மெய். ஆயின் அவை நாள்தோறும் ஒரே வளைவில், ஒரே பாரத்திற் செய்யப்படுவன. தசைகளை மேலும் வலுப்படுத்தும் படியேற்றம் அவற்றில் இல்லை. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து தேய்கின்றது. பாரம் தூக்கும் பயிற்சி அத்தேய்வைத் தணிக்க உதவும். முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பாயோடு கிடக்கும் ஆச்சிமாரை நாம் எத்தனை வீடுகளிற் கண்டிருக்கிறோம்! கதிரையிலிருந்து கைகளை ஊன்றாது எழும்பும் வலுவும், ஒற்றைக்காலில் நிற்கும் நிதானமும் நடுவயதிலேயே தேடிக்கொள்ள வேண்டிய முதுசம். யன்னற் கம்பியை ஒரு கையாற் பற்றிக்கொண்டு பத்து எண்ணும் வரை ஒற்றைக்காலில் நிற்பதிலிருந்து இதனைத் தொடங்கலாம்.

ஆனால் இடம் கொடுத்தால் மாத்திரம் போதாது. காலை ஐந்தரை மணிக்குத் தேங்காய் துருவுபவர், இடியப்பம் அவிப்பவர், சாப்பாட்டுப் பெட்டி கட்டுபவர் ஒருவரே ஆயின், எட்டடித் தரை வெறுமையாகவே கிடக்கும். அவ்விருபது நிமிடத்துக்குத் துருவுபலகையில் மகன் அமர வேண்டும். தேநீரை மகளோ கணவரோ ஊற்ற வேண்டும். பயிற்சிக்களம் அமைத்தலில் மிகவும் அரிய செலவு இதுவே. இதனை எக்கடையிலும் வாங்க முடியாது.

தொடக்கம்

நேரத்தைக் குறித்தபின் ஒரு 40 பக்கக் கொப்பியை நூலிற் கட்டி ஆணியில் தொங்கவிட வேண்டும். வீட்டார் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். திகதி, பயிற்சி, எண்ணிக்கை. சென்ற கிழமை சுவர்த் தண்டால் 8 எனின் இக்கிழமை 10. இந்தச் சிறு ஏற்றமே பயிற்சியின் உயிர். இடையில் ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய முற்படாமல், விட்ட இடத்திலிருந்தே தொடர்தல் வேண்டும். கிழமைக்கு மூன்று நாள் இருபது நிமிடம் வீதம் தொடங்கி, ஏனைய நாட்களில் ஒழுங்கை வழியே விரைந்து நடந்தால், உலக சுகாதார நிறுவனம் கூறிய 150 நிமிடத்தைச் சில கிழமைகளில் எட்டிவிடலாம்.

வருகின்ற விடுமுறை நாளில் குடும்பத்தார் எல்லோரும் கூடிப் பின்விறாந்தையை ஒதுக்கட்டும். அளவுநாடாவினால் எட்டடிக்கு ஆறடி அளந்து, அந்த எல்லைக்குள் இனிமேல் எதனையும் வைப்பதில்லை என்று முடிவு செய்யட்டும். கொப்பியின் முதற் பக்கத்தில் அன்னையின் பெயரை எழுதி, அவருடைய இருபது நிமிடம் எந்த வேளை, அவ்வேளை அடுப்படியில் நிற்பவர் யார் என்பதையும் அதன் கீழே குறித்துவிட்டுத் தொடங்கட்டும்.